டீச்சரின் தொண்டையும் ஏழாம் வகுப்பும்

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்குச் சுவர்கள் வெளியே மட்டும்தான். உள்ளே ஒரே நீளக் கூடம், மேலே ஓட்டுக்கூரை. கூடத்தை நான்கு வகுப்புகளாகப் பிரித்தவை மரச்சட்டத்தில் மூங்கில் பாய் அடித்த தட்டிகள். தட்டி பார்வையை மறைக்கும், சத்தத்தை மறைக்காது. அதனால் எழுபதுகளில் அங்கே படித்த எங்களுக்கு ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபடியே மூன்று வகுப்புப் பாடம் கிடைத்தது. ஆறாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில், செடி எப்படி உணவு தயாரிக்கிறது என்ற கேள்விக்கு நான் பக்கத்து ஏழாம் வகுப்பின் இரைப்பையையும் சிறுகுடலையும் விவரமாக எழுதிவைத்தேன். எங்கள் ஆசிரியை கூப்பிட்டு விசாரித்தார்.

"அந்தப் பக்கம்தான் சத்தமா இருந்தது டீச்சர்" என்றேன்.

அவர் திட்டவில்லை. மறுநாள் முதல் இன்னும் சத்தமாகப் பாடம் எடுத்தார். அதைக் கேட்டு ஏழாம் வகுப்பு டீச்சர் அதைவிடச் சத்தமாக எடுத்தார்.

இந்த ஏற்பாட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. எல்லாப் பள்ளிக்கூடமும் இப்படித்தான் கத்தும் என்று நினைத்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அதே கூடத்துக்கு டீச்சராகத் திரும்பிப் போனேன். எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்துவிட்டு, எழுதிப் போட்ட விண்ணப்பங்களுக்குப் பதில் வராமல் வீட்டில் இருந்த காலம். பள்ளியின் தையல் டீச்சர் பிரசவத்துக்குப் போயிருந்தார். அந்த இடத்துக்கு ஆறேழு மாதம் ஆள் வேண்டும். ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைச் சின்ன வயதிலிருந்து அறிந்தவர்.

"தைக்கத் தெரியுமா?"

"தெரியாது டீச்சர். சால்டரிங் தெரியும்."

"அதுவும் ரெண்டைச் சேர்க்கிற வேலைதானே. வா."

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா தோசைத் திருப்பியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "தையல் டீச்சரா? நீயா? பாவாடைக்கு நாடா கோக்கச் சொன்னா ஊக்கைத் தொலைச்சுட்டு வர்றவ!"

எனக்கு ஏழு ஏ, ஏழு பி இரண்டுக்கும் கைத்தொழில் வகுப்பு. கூடவே ஏழு ஏ-வுக்குக் கணக்கும் சயன்ஸும் என் தலையில் கட்டினார்கள். நான் பட்டியல் போடாமல் எந்த வேலையும் தொடங்கமாட்டேன். முதல் நாளுக்கு முந்தின மாலை போட்ட பட்டியல் இது: டார்ச் பல்பு, பழைய செல்கள், தாமிரக் கம்பி, சோப்புப் பெட்டி, பிளேடு, பசை, பொறுமை. கடைசிப் பொருளைத் தவிர மற்றதெல்லாம் தோப்பும்படிக் கடைகளில் கிடைத்தது.

பிள்ளைகளை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, பல்பை எரிய வைக்கச் சொன்னேன். எரிந்தது. எரிந்தவுடன் கத்தினார்கள். எரியாதவர்கள் எரிந்தவர்களிடம் காரணம் கேட்டுக் கத்தினார்கள். நான் படித்த பாலிடெக்னிக் பட்டறையில் சத்தம் என்றால் வேலை நடக்கிறது என்று பொருள். எனக்கு ஒரே சந்தோஷம்.

தட்டிக்கு அந்தப் பக்கம் ஏழு பி. அங்கே சோஷ்யல் ஸ்டடீஸ் எடுத்தவர் பாலக்காட்டிலிருந்து மட்டாஞ்சேரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு டீச்சர். ஐம்பதைத் தொட இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கும். எங்கள் பள்ளியில் வீட்டில் தமிழ் பேசும் டீச்சர்கள் நாங்கள் இருவர்தான். அதனால் எங்களுக்குள் மலையாளம் கலந்த தமிழ். அவருடைய குரல் படகுத்துறையில் நிற்கும் படகுக்காரர் காதிலும் விழும் என்பது ஊர்ப்பேச்சு. மேசையில் எப்போதும் ஒரு பிளாஸ்க்கில் சீரக வெந்நீர், பக்கத்தில் ஒரு பொட்டலத்தில் குருமிளகும் கற்கண்டும் இருக்கும்.

நான் சேர்ந்த இரண்டாவது வாரம் இடைவேளையில் அவர் என்னைக் கூப்பிட்டார். குரல் கரகரவென்று, தேய்ந்த ரிக்கார்டு மாதிரி இருந்தது.

"இங்க வா குட்டி. உன் பிள்ளைகளுக்கு வாய் இருக்கு, சந்தோஷம். எனக்கு ஒரு தொண்டைதான் இருக்கு. அதுவும் போயிண்டிருக்கு."

"டீச்சர், நான் சொல்லி வைக்கறேன், மெதுவா..."

"அது மட்டும் இல்ல. உக்காரு."

முந்தின சனிக்கிழமை படகேறி எர்ணாகுளம் போய்த் தொண்டை டாக்டரைப் பார்த்திருக்கிறார். குரல் நாண்களில் சின்னச் சின்ன முண்டுகள். வருஷக் கணக்காகக் கத்தியதால் வந்த காய்ப்பு. ஒரு மாதம் வாயையே திறக்காமல் இருந்தால் கரையலாம். இப்படியே போனால் கத்தி வைக்க வேண்டும், அதற்குப் பிறகு குரல் எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது.

"லீவு போடுங்களேன்."

"எங்க இருக்கு லீவு? போன வருஷம் அவருக்கு ஆபரேஷன் ஆனப்போ எல்லாம் தீந்தாச்சு. இனி போடணும்னா மெடிக்கல் சர்ட்டிபிகேட். அதுல 'குரல்'னு எழுதினா மெடிக்கல் போர்டு. வாயில்லாத டீச்சர்னு ஃபைல்ல ஒருதரம் ஏறிடுத்துன்னா, அப்புறம் நான் பாடினாலும் இறங்காது." பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் குடித்தார். "எனக்கு வேற ஒண்ணும் தெரியாது குட்டி. சமையல்கூட அவர்தான் என்னைவிட நன்னாப் பண்ணறார். எனக்குப் பாடம் எடுக்க மட்டும்தான் தெரியும்."

போதாக்குறைக்கு அந்தப் பருவத்தில் கல்வி அலுவலகத்திலிருந்து இன்ஸ்பெக்ஷன் வர இருந்தது. அதிகாரி வந்து வகுப்பில் உட்காருவார், டீச்சர் பாடம் எடுப்பதைப் பார்ப்பார், குறிப்பு எழுதுவார். குரல் இல்லாத டீச்சரைப் பற்றி என்ன எழுதுவார் என்பதுதான் அவருக்கு இருந்த பயம்.

அன்று மாலை போட்ட பட்டியலில் மூன்று வரி. என் வகுப்பின் சத்தத்தைக் குறைப்பது. டீச்சர் கத்தாமலே கடைசி பெஞ்சுக்குக் கேட்கவைப்பது. இன்ஸ்பெக்ஷனைத் தாண்டுவது. முதல் வரி என் கையில் இல்லை என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. இரண்டாவது வரிக்கு எனக்கு உடனே விடை தெரிந்தது. எலக்ட்ரானிக்ஸ் படித்தவளுக்கு வேறு என்ன விடை தெரியும்? ஒரு ஆம்ப்ளிஃபயர்.

எர்ணாகுளத்தில் டிரான்சிஸ்டர்களும் மற்ற சில்லறைச் சாமான்களும் வாங்கினேன். ஓடாத டேப் ரிக்கார்டரிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். மாமா வீட்டுப் பரணில் இருந்த வால்வு ரேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றி பிஸ்கட் டின்னில் பொருத்தினேன். இரண்டு சனி, ஞாயிறு போயின. வீட்டுக் கூடத்தில் வைத்துச் சோதித்தபோது அருமையாக வேலை செய்தது. "சாப்பிட வாடி" என்று அம்மா அதில் சொன்னது பக்கத்து வீட்டிலும் கேட்டது.

திங்கட்கிழமை மதியம் முதல் பீரியட். ஏழு பி-யில் மேசைமேல் பிஸ்கட் டின். டீச்சர் மைக்கைக் கையில் வாங்கி, கல்யாண வீட்டில் வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டவர் மாதிரி வெட்கப்பட்டுக்கொண்டு, "பிள்ளைகளே" என்றார்.

'கூ' என்று ஒரு ஊளை. நான்கு வகுப்பும் காதைப் பொத்திக்கொண்டது. ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போய்த் திரும்ப ஸ்பீக்கரில் வருகிறது என்று எனக்கு உடனே புரிந்தது. டின்னைத் திருப்பி வைத்தேன். ஊளை நின்றது. டீச்சர் மறுபடி வாயைத் திறப்பதற்குள் டின்னே பேச ஆரம்பித்தது. ஆண் குரல், நல்ல தெளிவான மலையாளம். சுக்கு, ஏலம், குருமிளகு என்று ஒவ்வொன்றாகச் சந்தை விலை வாசித்தது. மைக்கின் நீளக் கம்பி ஏரியல் ஆகிவிட்டது. வானொலி நிலையத்தை நாங்கள் கேட்காமலே பிடித்துக் கொடுத்தது.

பிள்ளைகள் திகைத்தது ஒரு நொடிதான். மிளகுக் கிடங்கில் தரகராக இருந்தவரின் மகன் பெஞ்சுமேல் ஏறிவிட்டான். "டீச்சரே! குருமிளகு ஏறிடுச்சு! எங்க அச்சன்கிட்டே ஓடிப்போய்ச் சொல்லிட்டு வரட்டுமா?"

"சுக்கு? சுக்கு என்ன சொன்னாங்க?" என்று தட்டிக்கு இந்தப் பக்கத்திலிருந்து, என் வகுப்பிலிருந்து, ஒரு குரல்.

ஹெட்மிஸ்ட்ரஸ் வந்து நின்றார். "எந்தா இது? இது பள்ளிக்கூடமோ, சந்தைக் கம்போளமோ?" என்று கேட்டுவிட்டு, டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தையல் டீச்சர் எப்போ திரும்பி வருவாங்க?" என்று தனக்குத்தானே கேட்டபடி போய்விட்டார்.

அன்று நடந்ததில் சிரிக்க முடியாதது ஒன்று உண்டென்றால், அது மறுநாள் காலையில்தான் தெரிந்தது. டீச்சர் வந்து, குடையை மடித்து வைத்து, வாயைத் திறந்தார். காற்று மட்டும் வந்தது. முந்தின நாள் மைக்கில் முயன்ற பிறகு, அந்த இரைச்சலுக்கு மேல் கத்தி வகுப்பை அடக்கப் போய், மிச்சமிருந்த குரலும் போய்விட்டது.

அவர் முகத்தை நான் தட்டி இடுக்கு வழியாகப் பார்த்தேன். அழவில்லை. சாக்கட்டியை எடுத்து, அன்றைய பாடத்தின் தலைப்பைக் கரும்பலகையில் எழுதினார். கொச்சித் துறைமுகம். எழுதிவிட்டுத் திரும்பி நின்றார். பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவரும் காத்திருந்தார், வேறு வழியில்லாமல்.

"டீச்சரே, துறைமுகத்துக்கு நடுவில ஏன் ஐலண்டு இருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

டீச்சர் பதில் சொல்ல வாயெடுத்து, மூடினார். மற்ற பிள்ளைகளைப் பார்த்தார், யாருக்காவது தெரியுமா என்பது போல.

"அது உண்டாக்கினது" என்றான் ஒருவன். "மண்ணைத் தோண்டிப் போட்டு."

"போடா, தீவை யாராவது உண்டாக்குவாங்களா?"

"எங்க மாமா அங்கே கிரேன்ல வேலை. அவர் சொன்னார்."

"உங்க மாமா என்ன கடவுளா?"

டீச்சர் பையில் கைவிட்டு ஒரு சிலேட்டை எடுத்தார். அது பிள்ளைகளிடமிருந்து என்றோ பிடுங்கி வைத்தது. அதில் ஏதோ எழுதி மாமாவைச் சொன்னவனை நோக்கி உயர்த்தினார். மலையாளத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால்: "எப்படித் தெரியும்?"

பையன் யோசித்தான். "நான் மாமாகிட்டே திரும்பக் கேட்டுட்டு வர்றேன் டீச்சர். யார் சொன்னாங்கன்னு கேக்கறேன்."

அந்த வகுப்பு மணியடிக்கும் வரை அப்படியே போயிற்று. தட்டிக்கு இந்தப் பக்கம் நான் தசம பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன். என் பிள்ளைகள் யாரும் அதைக் கவனிக்கவில்லை. தீவு எப்படி வந்தது என்பதில் அவர்களுக்கும் அபிப்ராயம் இருந்தது. என் காதும் அங்கேதான் இருந்தது என்பதால் நான் கண்டிக்கவில்லை.

சாயங்காலம் டீச்சர் ஒரு தாளில் எழுதி என்னிடம் நீட்டினார்: "நாளைக்கு என்ன பண்ணறது?"

அப்போதுதான் எனக்குப் பட்டறை ஞாபகம் வந்தது. அங்கே லேத் மெஷின்கள் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அங்கே பாடமே எடுத்ததில்லை. ஆளுக்கொரு வேலைத்தாள் தருவார். என்ன செய்ய வேண்டும், எந்த அளவில், முடித்தபின் எதைச் சரிபார்க்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். பிறகு சுற்றி வருவார். தப்பாகச் செய்தால் தோளில் தட்டுவார், அவ்வளவுதான். அந்த இரைச்சலில் நான் கற்றுக்கொண்டது எனக்கு இன்னும் மறக்கவில்லை. இத்தனையும் தெரிந்தவள், டீச்சரின் குரலைப் பெரிதாக்க இரண்டு வாரம் சால்டரிங் செய்திருக்கிறேன். நான்கு வகுப்பும் குரலை ஏற்றுகிற கூடத்தில் ஐந்தாவதாக ஒரு டின்னை ஏற்றினால் என்ன ஆகும் என்பதைப் பேனாவால் ஒரு கோடு போட்டாலே தெரிந்திருக்கும்.

பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் வேலைத்தாள் எழுதினோம். பாடம் டீச்சருடையது, வரிசை என்னுடையது. துறைமுகப் பாடத்துக்கு ஒன்று இப்படி இருந்தது: உன் தெருவில் கப்பலில் வந்த பொருள் ஒன்றைக் கண்டுபிடி. கப்பலில் போகப்போகிற பொருள் ஒன்றைக் கண்டுபிடி. இரண்டையும் தொட்டவர் ஒருவரிடமாவது பேசு. புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் படி. எது பொருந்தவில்லை?

கடைசிக் கேள்வியை டீச்சர்தான் சேர்த்தார். அதை எழுதும்போது ஒரு பெண் குழந்தையைப் போலச் சத்தமில்லாமல் சிரித்தார்.

சிலேட்டுகள் மூன்றாயின. "ஏன்?" ஒன்று. "எப்படித் தெரியும்?" ஒன்று. "வேறு யார்?" என்பது மூன்றாவது, எப்போதும் கை தூக்குகிற அதே நாலு பேரைத் தாண்டிப் போவதற்கு. அவசரத்துக்கு நான் குரல் கொடுக்க வசதியாக எங்கள் நடுவே இருந்த தட்டியை ஒரு முழம் நகர்த்தினோம். மறுநாள் இன்னொரு முழம். வாரக் கடைசியில் அது சுவரோரம் சாய்ந்து நின்றது. அதில் பெண் பிள்ளைகள் குடை மாட்டினார்கள்.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று எழுத ஆசைதான். நடக்கவில்லை. முதல் இரண்டு நாள் பையன்கள் டீச்சரிடம் கையால் அபிநயம் பிடித்தே பேசினார்கள், அவருக்குக் காதும் போய்விட்டது என்று நினைத்து. ஒருவன் தன் சிலேட்டில் "மூத்திரம் போகணும்" என்று எழுதி, மரியாதையாக வரிசையில் நின்று காட்டினான். கேட்டதற்கு, "டீச்சர் பேசமாட்டாங்கன்னா நாமும் பேசக் கூடாதில்லே?" என்றான். ஒருத்தி வீட்டிலிருந்து ஒரு கயிற்றுத் துண்டு கொண்டுவந்து, அது கப்பலில் போகிறது என்றும் கப்பலில் வந்தது என்றும் இரண்டு கேள்விக்கும் அதையே காட்டினாள். வேலைத்தாள் கேட்டபடி தெருவில் யாரிடமோ பேசப் போன மூன்று பேர் ஒரு நாள் மதியம் திரும்பி வரவே இல்லை. பிறகு பார்த்தால் ஒரு கிடங்கில் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் எதிர்பாராதது ஒன்று நடந்தது. கூடத்தின் சத்தம் இறங்கியது. ஒருவர் மெதுவாகப் பேசினால் பதில் சொல்பவரும் தாமாகவே மெதுவாகப் பேசுகிறார். டீச்சர் பேசவே இல்லை, ஏழு பி அவருக்காகக் குரலைத் தாழ்த்திக்கொண்டது. ஏழு பி தாழ்ந்ததும் என் ஏழு ஏ கத்த வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் அந்தக் கோடி ஆறாம் வகுப்பு ஹிந்தி சார் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன, எல்லாருக்கும் ஜுரமா? என் குரல் எனக்கே கேக்குது. பயமா இருக்கு."

ஹெட்மிஸ்ட்ரஸுக்கு டீச்சரின் தொண்டை சரியில்லை என்பது மட்டும் தெரியும், எவ்வளவு என்பது தெரியாது. சாய்த்து வைத்த தட்டியைப் பார்த்தார். "இது புதுசா நல்லா இருக்கு. ஆனா வியாழக்கிழமை இன்ஸ்பெக்ஷன். புதன் சாயங்காலம் தட்டி பழைய இடத்துக்கு வந்துடணும். டீச்சர் பழைய மாதிரி பாடம் எடுக்கணும். வர்றவங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிதான் நாம காட்டணும்" என்றார்.

டாக்டர் சொன்ன மாதம் முடிய இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் பாக்கி இருந்தது. டீச்சர் அன்று எழுதிக் காட்டியது: "வியாழக்கிழமை பேசிடறேன். ஒரு பீரியட்தானே." நான் அந்தத் தாளை வாங்கி, அதன் கீழே "ஏன்?" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அவர் என்னை முறைத்தார்.

அதிகாரி செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டார். எர்ணாகுளத்திலிருந்து வேறு வேலையாகப் படகில் வந்தவர், வந்ததுதான் வந்தோம் என்று நுழைந்திருக்கிறார். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு தோல் பை. ஹெட்மிஸ்ட்ரஸ் பின்னாலேயே ஓடி வருவதற்குள், அவர் தட்டி இல்லாத திறப்பு வழியாக உள்ளே வந்து ஏழு பி-யின் கடைசி பெஞ்சில், மிளகுத் தரகர் மகன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

டீச்சர் வெளுத்துப் போனார். என்னைப் பார்த்தார். நான் என் பக்கத்தில் நின்று, அவருக்கு இன்று ஜலதோஷம் என்று சொல்லலாமா, ஏதாவது காரணத்தைச் சொல்லிப் பாடத்தை நானே எடுக்கலாமா என்று மனதில் வரிசை போட்டேன். அதற்குள் வகுப்பு தொடங்கிவிட்டது. டீச்சர் தொடங்கவில்லை, பிள்ளைகள் தொடங்கினார்கள். மாமாவிடம் கேட்டு வருவதாகச் சொன்னவனுக்கு அப்போதுதான் மாமா அகப்பட்டிருந்தார், பதிலோடு வந்திருந்தான்.

"மாமா சொன்னது அவருடைய மேஸ்திரி சொன்னது. கப்பல் வர்றதுக்கு ஆழம் பண்ணினாங்க. அந்த மண்ணைப் போட்டதுதான் ஐலண்டு."

"எங்க அச்சன் சொன்னார், முன்னாடியே அங்கே ஒரு சின்னத் தீவு இருந்துச்சு. அதோடதான் மண்ணைச் சேர்த்தாங்க" என்றாள் ஒருத்தி.

டீச்சர் "எப்படித் தெரியும்?" சிலேட்டை உயர்த்தினார்.

"அச்சன் படகு ஓட்டறார். பழைய கரை எங்கேன்னு அவருக்குத் தெரியும்."

டீச்சர் "வேறு யார்?" சிலேட்டோடு பெஞ்சுகளுக்கு நடுவே நடந்தார். என் பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். அதிகாரி முதலில் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். பிறகு மூடினார். பிறகு அவரால் பொறுக்க முடியவில்லை.

"அப்படி இல்ல பிள்ளைகளே. அது முழுசும் கடல்லேருந்து எடுத்த மண்ணுதான். முன்னே அங்கே ஒண்ணும் இல்ல" என்றார்.

படகுக்காரர் மகள் எழுந்து நின்றாள். "சாருக்கு எப்படித் தெரியும்?"

ஹெட்மிஸ்ட்ரஸ் வாசலில் கண்ணை மூடிக்கொண்டார்.

"நான் புஸ்தகத்தில் படிச்சேன்" என்றார் அதிகாரி.

"எந்தப் புஸ்தகம் சார்? எங்க புஸ்தகத்தில அது இல்ல."

"இப்போ பேர் ஞாபகம் இல்லை."

"அப்போ ஞாபகம் வந்த பிறகு சொல்லுங்க சார். எங்க அச்சனையும் கூட்டிட்டு வர்றேன்."

அவர் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. பக்கத்தில் இருந்த மிளகுத் தரகர் மகன் ஆறுதலாக, "பரவாயில்ல சார், எனக்கும் தப்பாத்தான் வரும்" என்றான்.

மணியடிக்கும் நேரம். அதிகாரி எழுந்து முன்னே வந்தார். "டீச்சரே, இவங்க ரெண்டு கட்சியா நிக்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

அந்தக் கேள்விக்குச் சிலேட்டு எதுவும் இல்லை. நான் அந்தப் பக்கம் போக ஒரு அடி எடுத்து வைத்துவிட்டேன், ஜலதோஷத்தைச் சொல்ல. டீச்சர் என்னை நோக்கிக் கையை உயர்த்தி, அங்கேயே நில் என்றார். திரும்பிக் கரும்பலகையில் எழுதினார். அவர் கையெழுத்து எப்போதும் போல நிதானமாக இருந்தது.

"தொண்டைக்கு ஓய்வு. டாக்டர் சொன்னது. மூன்று வாரமாக நான் பேசவில்லை. அடுத்த வாரம் முதல் பேசலாம்."

சாக்கட்டியை வைத்துவிட்டு அவர் நேராக நின்றார். இனி என்ன ஆனாலும் ஆகட்டும் என்று நிற்கிறவரின் தோள்கள் அவை.

அதிகாரி அதை இரண்டு முறை படித்தார். பிறகு வகுப்பைப் பார்த்தார், சிலேட்டுகளைப் பார்த்தார், வாசலில் நின்ற ஹெட்மிஸ்ட்ரஸைப் பார்த்தார். "இவ்வளவு நேரம் இவங்க பேசவே இல்லையா?"

"இல்ல சார்" என்று இரண்டு வகுப்பும் ஒன்றாகச் சொன்னது. அவ்வளவு நாளில் அன்றுதான் கூடம் பழையபடி அதிர்ந்தது.

"நான் கவனிக்கவே இல்லையே" என்றார் அவர். அவர் கை அவருடைய தொண்டைக்குப் போனது. "நானும் பதினஞ்சு வருஷம் இந்த மாதிரி கூடத்துல கத்தினவன்தான்."

அவர் போன பிறகு ஹெட்மிஸ்ட்ரஸ் அறையில் நாங்கள் மூவரும் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தோம். தையல் பாடம் நடப்பதாகத் தெரியவில்லை என்று ஒரு வரி. அது எனக்கு. கூடத்தில் தட்டி இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, மாணவர்களுக்கு அதனால் இடையூறு இருப்பதாகத் தெரியவில்லை என்று ஒரு வரி. டீச்சரைப் பற்றி எழுதியிருந்ததை ஹெட்மிஸ்ட்ரஸ் வாய்விட்டு வாசித்தார்:

"மாணவர்கள் நன்கு பங்கேற்கிறார்கள். ஆசிரியை அளவாகப் பேசுகிறார்."

டீச்சர் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன். சத்தம் வந்துவிடக் கூடாதே என்று வாயில் புடவைத் தலைப்பை அடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் படகில் எர்ணாகுளம் போனபோது நானும் கூடப் போனேன். டாக்டர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்து, முண்டுகள் நன்றாகச் சுருங்கிவிட்டன, பேசலாம், ஆனால் பழைய உத்தியோகத்துக்குத் திரும்பக் கூடாது என்றார். "டீச்சர் உத்தியோகத்தைச் சொல்லல. கத்தற உத்தியோகத்தைச் சொன்னேன்" என்று அவரே திருத்திக்கொண்டார். திரும்பி வரும்போது படகில் டீச்சர் மெல்லிய குரலில் ஏதோ ஒரு சுலோகத்தை முணுமுணுத்தபடி வந்தார், குரல் எல்லா இடத்துக்கும் போகிறதா என்று பார்ப்பது போல.

மறுநாள் காலை ஏழு பி-யில் வேலைத்தாள் நடந்துகொண்டிருந்தது. கயிறு எதிலிருந்து வருகிறது என்று ஒரு பெஞ்சு சண்டை போட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் முன்னால் நின்று, நடுவே பேச இடம் கிடைக்குமா என்று பார்த்தார். கிடைக்கவில்லை. கொஞ்சம் இருமினார். யாரும் திரும்பவில்லை. கடைசியில், தாழ்ந்த, எனக்குப் பழக்கமில்லாத ஒரு குரலில், "சித்த இருங்கோடா. நானும் ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார்.

வகுப்பு அசந்துபோய் நின்றது. மிளகுத் தரகர் மகன் மேசைக்குப் போய், அடுக்கியிருந்ததில் தேடி, ஒரு சிலேட்டை எடுத்து அவர் முகத்துக்கு நேராக உயர்த்தினான்.

"ஏன்?"

டீச்சர் அதைப் படித்தார். "குரல் வந்துடுத்துடா படவா" என்றார். "அதான்."